ஐந்து நிமிடக் கதையும் நாற்பது நிமிடக் கணக்கும்

கேள்வி: "போர் வரலாறு என்பதே வென்றவன் எழுதியதுதானே? அதில் உண்மை எவ்வளவு தேறும்? உண்மையே உறுதியில்லாதபோது, அதிலிருந்து பாடம் கற்கிறோம் என்பது வெறும் பேச்சு இல்லையா?"

வென்றவன் எழுதுவதே வரலாறு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். போர்களைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த வாசகம் பாதிகூடத் தேறாது. இரண்டாம் உலகப் போரின் கிழக்கு முனையில் தோற்றது ஜெர்மனி. ஆனால் போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்கள் ஃபிரான்ஸ் ஹால்டரும் அவருடைய மேற்பார்வையில் இருந்த பிற ஜெர்மன் தளபதிகளும்தான். சோவியத் ஆவணங்கள் பூட்டிக் கிடந்தன. ஆகவே மேற்கு நாடுகளில் பல பத்தாண்டுகள் நிலவிய சித்திரம் தோற்றவர்கள் கொடுத்தது: தளபதிகள் திறமைசாலிகள், தப்பெல்லாம் ஹிட்லருடையது, ரஷ்யர்கள் ஆள்பலத்தால் மட்டுமே ஜெயித்தார்கள். யார் முதலில் அச்சுக்குப் போனார், படிப்பவனுக்குத் தெரிந்த மொழியில் யார் எழுதினார் என்பதற்கு வெற்றி தோல்வியைவிட அதிக வலு உண்டு.

மீதிக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொன்னால் காற்றில் போய்விடும். ஒரே ஒரு போரை, அதிலும் ஒரே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்கிறேன்: 1942 ஜூன் 4, மிட்வே. இதுபற்றி இரு தரப்பு ஆவணங்களும் உண்டு, நேரம் நிமிடக் கணக்கில் உண்டு, பிழைத்தவர்களின் வாக்குமூலம் ஏராளம். இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய பிழை ஐம்பது ஆண்டுகள் பாடப்புத்தகம்வரை போய் உட்கார்ந்திருந்தது.

நடந்தது சுருக்கமாக இது. பசிபிக் கடலில் இருக்கும் மிட்வே தீவைப் பிடிக்க ஜப்பான் வந்தது. முன்னணியில் அட்மிரல் நகுமோவின் கீழ் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள்: அகாகி, காகா, சோரியு, ஹிரியு. சங்கேத மொழியை உடைத்துப் படித்திருந்த அமெரிக்கர்கள் எண்டர்பிரைஸ், ஹார்னெட், யார்க்டவுன் என்ற மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களோடு காத்திருந்தார்கள். காலை 10:20லிருந்து 10:25க்குள், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் அமெரிக்க விமானங்கள் அகாகி, காகா, சோரியு மூன்றையும் தீக்கிரையாக்கின. அன்று மாலை ஹிரியுவும் அடிபட்டது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற ஐந்து நிமிடம். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் விமானங்களுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ ஃபுச்சிடா அன்று அகாகியில்தான் இருந்தார். குடல்வால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் பறக்கவில்லை. ஒகுமியா என்ற இன்னொரு அதிகாரியோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1951இல் ஜப்பானிய மொழியிலும் 1955இல் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் சொன்னபடி, குண்டு விழும் நேரத்தில் மேல்தளம் முழுவதும் எதிர்த்தாக்குதல் விமானங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டு அணிவகுத்து நின்றன. இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அத்தனையும் கிளம்பியிருக்கும். முதல் விமானம் தளத்தை விட்டு எழும்போதே வானத்திலிருந்து குண்டு வந்தது.

நேரில் பார்த்தவர், உயர் அதிகாரி, தன் தரப்பின் தோல்வியை ஒளிக்காமல் சொல்கிறார். சந்தேகப்பட என்ன இருக்கிறது? இருந்தது, கப்பல் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு.

ஜப்பானியக் கப்பல்களில் விமானங்கள் கீழே மூடிய ஹேங்கரில் நிற்கும். அங்கேதான் டார்ப்பிடோவும் குண்டும் மாட்டுவார்கள். தாக்குதல் அணியைக் கிளப்ப வேண்டுமானால் ஒவ்வொரு விமானமாக லிஃப்டில் மேலே ஏற்றி, பின்பாதித் தளத்தில் நெருக்கி வரிசைப்படுத்தி, இறக்கையை விரித்து, எஞ்சினைச் சூடாக்க வேண்டும். மூடிய ஹேங்கருக்குள் எஞ்சினை ஓட்ட முடியாது என்பதால் அந்த வேலையும் மேலே வந்துதான். மொத்தம் சுமார் 40 நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் எந்த விமானமும் இறங்க முடியாது. இறங்குவதற்கு வேண்டிய பின்பாதிதான் அடைபட்டிருக்கிறதே.

இனி காவல் விமானங்களைப் பாருங்கள். கப்பல்களுக்கு மேலே ஜீரோ சண்டை விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜீரோவின் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றுக்கு 60 ரவுண்டுதான். விடாமல் சுட்டால் ஏழெட்டு வினாடியில் தீர்ந்துவிடும். காலை முழுக்க அலை அலையாக அமெரிக்க விமானங்கள் வந்ததால், ஜீரோக்கள் சுட்டுத் தீர்த்துவிட்டு இறங்குவதும் நிரப்பிக்கொண்டு ஏறுவதுமாக இருந்தன. ஒவ்வொரு கப்பலின் விமானக் குழுவும் வைத்திருந்த பறப்புப் பதிவேட்டில் எந்த விமானி எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று இருக்கிறது. 10 மணியை ஒட்டியும் அதற்குப் பிறகும்கூட இறக்கமும் ஏற்றமும் நடந்திருக்கின்றன. 10 மணிக்குத் தளம் காலி என்றே வைத்து, அந்த நொடியிலேயே விமானங்களை மேலே ஏற்ற ஆரம்பித்திருந்தாலும், 10:40க்கு முன் அணி தயாராகாது. ஃபுச்சிடா பார்த்த அந்த "முதல் விமானம்" காவலுக்கு எழுந்த ஒரு ஜீரோ. தாக்குதல் விமானங்கள், பெட்ரோலும் டார்ப்பிடோவும் ஏற்றியபடி, கீழே ஹேங்கரில் இருந்தன.

அகாகி ஒரே ஒரு நேரடிக் குண்டில் செத்ததும் அதனால்தான். நடு லிஃப்டின் ஓரமாக விழுந்த குண்டு மேல் ஹேங்கரில் வெடித்தது. அங்கே ஆயுதம் ஏற்றிய டார்ப்பிடோ விமானங்கள் 18 நின்றன. திறந்த தளத்தில் வெடித்திருந்தால் விசை காற்றில் போயிருக்கும். மூடிய பெட்டிக்குள் வெடித்ததால் கப்பலே வெடிமருந்துப் பெட்டியானது.

ஜப்பானின் பாதுகாப்பு முகமையின் (இன்றைய பாதுகாப்பு அமைச்சகம்) ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 102 தொகுதி அதிகாரபூர்வப் போர் வரலாற்றில் மிட்வே 43ஆவது தொகுதி. 1971இல் வந்த அந்தத் தொகுதியிலேயே, தாக்குதல் விமானங்கள் மேல்தளத்தில் நிற்கவில்லை என்பது பதிவாகிவிட்டது. ஆங்கில உலகம் அதைப் பரவலாக ஏற்க 2005 ஆனது. ஜொனாதன் பார்ஷல், அந்தோணி டுல்லி என்ற இரு ஆய்வாளர்கள் பறப்புப் பதிவேடுகளை வைத்து விரிவாக எழுதிய பிறகுதான். இடையில் போன 34 ஆண்டுகளுக்குக் காரணம் சதி கிடையாது. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். தவிர, அந்தக் கதை இரண்டு பக்கத்துக்கும் பிடித்திருந்தது. அமெரிக்கர்களுக்கு அது தெய்வச் செயல். ஜப்பானியர்களுக்கு அது கெட்ட நேரம், தங்கள் முறையின் கோளாறு இல்லை. இரு தரப்பையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் போர்க்கதையைப் பார்த்தால் அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் பிடிபடும். ஃபுச்சிடாவைக் கவிழ்த்தது இன்னொரு சாட்சி இல்லை. லிஃப்டின் வேகம், பீரங்கியின் ரவுண்டு எண்ணிக்கை, தளத்தின் நீளம். ஆளின் நினைவும் ஆளின் நினைவும் மோதினால் வழக்கு முடியாது. "இது இத்தனை நிமிடத்தில் நடக்கக்கூடியதா?" என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

அப்படியானால் ஆவணத்தை நம்பலாமா? அதுவும் யோசித்துத்தான். நகுமோ படையின் விரிவான போர் அறிக்கை கிடைக்கிறது. அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவு 1947இல் மொழிபெயர்த்து வெளியிட்டது. பார்த்தால் நிமிடவாரியாக எழுதிய குறிப்பேடு போலவே இருக்கும். ஆனால் அது போர் முடிந்தபின், நான்கு கப்பல்களும் மூழ்கியபின், கிடைத்த செய்திப் பதிவுகளைச் சேர்த்துத் தொகுத்தது. உதாரணமாக, டோனே கப்பலின் 4ஆம் எண் உளவு விமானம் அமெரிக்கக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது 7:28. அது நகுமோவின் கைக்கு எப்போது வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு. கால் மணி முன்னே பின்னே போனாலே நகுமோ தடுமாறினாரா, சரியாகத்தான் செய்தாரா என்ற தீர்ப்பு மாறுகிறது. அனுப்பிய நேரம் ஆவணத்தில் இருக்கிறது. ஒரு மனிதன் தாளை வாங்கிப் படித்து முடித்த நேரம் எந்த ஆவணத்திலும் இருக்காது.

அமெரிக்கப் பக்கமும் அப்படியே. ஹார்னெட்டிலிருந்து அன்று காலை கிளம்பிய குண்டு விமானங்களும் சண்டை விமானங்களும் ஜப்பானியக் கப்பல்களைக் காணாமலே திரும்பின. பெட்ரோல் தீர்ந்து கடலில் இறங்கியவையும் உண்டு. டார்ப்பிடோ அணியின் தலைவர் வால்ட்ரன் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, தன் போக்கில் போய் எதிரியைக் கண்டுபிடித்தார். அவருடைய 15 விமானமும் வீழ்ந்தன. பிழைத்தவர் ஒருவர். ஹார்னெட்டின் அதிகாரபூர்வ அறிக்கை, விமானங்கள் தென்மேற்கே போனதாகச் சொல்கிறது. பறந்த விமானிகள் பலர் பின்னாளில், நேர் மேற்கே போனோம் என்றார்கள். இதைத் தீர்க்க வேண்டிய அணிவாரி அறிக்கைகள் இல்லை. கப்பலுக்கே சேர்த்து ஒரே அறிக்கைதான். மேலதிகாரி ஸ்ப்ரூயன்ஸ் தன் அறிக்கையில், எண்டர்பிரைஸ் சொல்வதும் ஹார்னெட் சொல்வதும் முரண்பட்டால் எண்டர்பிரைஸ் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்தார். இராணுவ நடையில் இது எவ்வளவு கடுமையான வாக்கியம் என்பது அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். இருக்கும் காகிதத்தைப் படிப்பதோடு, இருக்க வேண்டியது எது, ஏன் இல்லை என்று கேட்பதும் வேலையில் சேர்த்திதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்ப்பது: கடிகாரம். ஜப்பானியக் கப்பல்கள் உலகில் எங்கே இருந்தாலும் டோக்கியோ நேரத்தில் எழுதின. மிட்வே நேரத்துக்கும் அதற்கும் 21 மணி நேரம் வித்தியாசம். ஜூன் 4 காலை 10:25 என்பது அவர்கள் பதிவில் ஜூன் 5 காலை 7:25. இதைக் கவனிக்காமல் இரு தரப்பையும் ஒரே அட்டவணையில் போட்டால் குண்டு விழுந்தபின் விமானம் வரும்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். போரில் மிக அதிகமாகப் பொய்க்கும் எண், "எதிரியின் இழப்பு". 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது; ஜெர்மன் பதிவுகளின்படி 60ஐ ஒட்டித்தான். யாரும் வேண்டுமென்று புளுகவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவரும் அது புகைந்து விழுவதைப் பார்ப்பார்கள், மூன்றாக எண்ணப்படும். மிட்வேயில் உயரத்திலிருந்து குண்டு போட்ட பி-17 விமானிகள் பல கப்பல்களை அடித்ததாகச் சொன்னார்கள், செய்தித்தாள்களும் அவர்களுக்கே புகழ் கொடுத்தன. உண்மையில் ஒரு குண்டுகூடக் கப்பலில் விழவில்லை. மறுபக்கம், ஹிரியுவின் விமானங்கள் யார்க்டவுனை மூன்று குண்டுகளால் அடித்தன. மாலுமிகள் இரண்டு மணி நேரத்துக்குள் தீயை அணைத்து, தளத்தைச் செப்பனிட்டு, கப்பலை மறுபடி ஓடவைத்தார்கள். இரண்டாவது அலையாக வந்த ஜப்பானிய விமானிகள் புகையில்லாத ஒரு கப்பலைக் கண்டு, இது வேறு கப்பல் என்று நினைத்து அதையே டார்ப்பிடோவால் அடித்தார்கள். ஆக ஜப்பானியக் கணக்கில் இரண்டு கப்பல். ஜூன் 10 அன்று டோக்கியோ இரண்டு அமெரிக்க விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாக அறிவித்தது. இது நேர்மையான பிழை. அதே அறிவிப்பில் தன் பக்கம் ஒன்று மூழ்கியது, ஒன்று சேதம் என்று சொன்னது நேர்மையான பிழை இல்லை. நான்கும் போனது அவர்களுக்குத் தெரியும்.

பொதுவிதியாக, தன் இழப்பைப் பற்றித் தன் உள் அலுவலகக் காகிதத்தில் ஒரு படை எழுதுவதை நம்பலாம். ஆள் சேர்க்கவும் உதிரிபாகம் கேட்கவும் அந்த எண் வேண்டும். ஆனால் அங்கேயும் "இழப்பு" என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். 1943 ஜூலை 12, ரஷ்யாவின் குர்ஸ்க் அருகே நடந்த புரோகொரோவ்கா டாங்கிப் போர் இதற்குப் பாடமே நடத்தும். ஜெர்மனி ஒரே நாளில் 400 டாங்கிகளை இழந்தது, அதில் 70 டைகர் என்ற கனரக டாங்கிகள் என்ற சோவியத் கணக்கு பல பத்தாண்டுகள் ஓடியது. அன்று அந்த இடத்தில் இருந்த எஸ்.எஸ். டாங்கிப் படைப்பிரிவிடம் ஓடும் நிலையில் இருந்த டைகர்களே 15தான். ஜெர்மன் தரப்பில் முழுதாக அழிந்தவை இருபதை எட்டாது, சோவியத் தரப்பில் இருநூறுக்கும் மேல் என்பது இப்போதைய கணக்கு. அந்த மோதலுக்கு அடுத்த நாட்களில் ஜெர்மன் உளவு விமானங்கள் எடுத்த படங்கள் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. 2019இல் அவை ஆய்வாக வெளிவந்தன. எரிந்த டாங்கிகளை அதில் எண்ணலாம்.

ஆனால் இதை வைத்து "அப்படியானால் குர்ஸ்கில் ஜெர்மனிதான் ஜெயித்தது" என்று குதிப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அடிபட்ட டாங்கி எல்லாம் அழிந்த டாங்கி இல்லை. ஜெர்மன் பதிவில் குறுகிய காலப் பழுது, நீண்ட காலப் பழுது, முழு நீக்கம் என்று தனித்தனி. மாலையில் களம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அடிபட்டதை இழுத்துக்கொண்டு போய்ப் பழுது பார்ப்பார்கள். ஜூலையில் பட்டறைக்குப் போன டாங்கி, ஆகஸ்டில் பின்வாங்கும்போது இழுத்துப் போக முடியாமல் கைவிடப்பட்டால், அது ஆகஸ்ட் கணக்கில் ஏறும். ஜூலை 12இன் பத்தியில் வராது. களத்தில் அந்த ஒரு நாள் ஜெர்மனிக்குச் சாதகம். தாக்குதலைக் கைவிட ஹிட்லர் மறுநாளே முடிவெடுத்தார், முன்முயற்சி அதற்குப்பின் திரும்பவேயில்லை. இரண்டும் உண்மை.

சில இடங்களில் ஆவணமே பூட்டில் இருக்கும். ஜெர்மன் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் படித்தது 1974வரை பொதுவில் சொல்லப்படவில்லை. அதுவரை எழுதப்பட்ட அட்லாண்டிக் கடற்போர் வரலாறுகள் எல்லாம், சீட்டை முன்கூட்டியே பார்த்தவனின் ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்றும் திறமை என்றும் விளக்கியவை. நம் நாட்டில் 1962 சீனப் போர் பற்றி லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963இல் கொடுத்த அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. நேரு, கிருஷ்ண மேனன், தளபதி கவுல் யார்மீது எவ்வளவு பழி என்று அடித்துப் பேசுபவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

இனிப் பாடம். இங்கேதான் சிக்கல் பெரிது. தவறான தகவலிலிருந்து தவறான பாடம் வருவது எளிதில் புரியும். சரியான தகவலிலிருந்தே தவறான பாடம் வருவதுதான் போர் வரலாற்றின் வழக்கமான நோய்.

1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போருக்குப் பல நாட்டு இராணுவப் பார்வையாளர்கள் போனார்கள். ரஷ்யர் வசம் இருந்த போர்ட் ஆர்தர் கோட்டையின் முற்றுகையை நேரில் கண்டார்கள். பதுங்குகுழி, முள்கம்பி, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் அங்கே இருந்தன, அறிக்கையிலும் எழுதினார்கள். அந்த ஒரு முற்றுகையில் ஜப்பானுக்குச் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ 60,000 பேர். பார்வையில் குறையில்லை. ஆனால் இறுதியில் ஜெயித்தது முன்னேறித் தாக்கிய ஜப்பான். ஆகவே பல தலைமையகங்கள் படித்துக்கொண்ட பாடம்: மன உறுதியும் இழப்பைத் தாங்கும் துணிவும் இருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் தாண்டிப் போகலாம். பிரெஞ்சு இராணுவத்தில் இது கொள்கையாகவே ஆனது. 1914 ஆகஸ்ட் 22, ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு காரணத்தைத் தேடுபவன், ஜெயித்தவன் செய்ததெல்லாம் ஜெயித்ததற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்வான். ஜப்பான் இவ்வளவு ஆளை இழந்தும் ஜெயித்ததற்கு ரஷ்யாவின் உள்நாட்டுக் கலவரமும், ஒற்றை ரயில்பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் படை அனுப்ப வேண்டியிருந்ததும் எவ்வளவு காரணம் என்று கேட்டிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

அதே போரிலிருந்து ஜப்பானியக் கடற்படையும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. 1905 மே 27–28 சுஷிமா போரில் ரஷ்யக் கப்பற்படையை ஒரே மோதலில் அழித்தார்கள். ஒரே ஒரு தீர்மானமான கடற்போரில் எதிரியை முடித்துவிடலாம் என்பது அதற்குப்பின் அவர்களுக்கு வேதம். மிட்வே திட்டத்தை வகுத்த யமமோட்டோ, இளம் அதிகாரியாகச் சுஷிமாவில் இரண்டு விரல்களை இழந்தவர். நகுமோவின் கப்பல்கள் மிட்வேக்குக் கிளம்பிய நாள் 1942 மே 27, சுஷிமா நினைவாகக் கொண்டாடப்படும் கடற்படை நாள். கதையாகச் சொல்ல எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். தீர்மானப் போர்க் கொள்கை இருந்தது ஆவணத்தில் உண்டு. தேதி பொருந்துவதும் உண்மை. சுஷிமாவின் நினைவு யமமோட்டோவின் தலைக்குள் என்ன செய்தது என்பது ஊகம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால் ஊகத்துக்கும் ஆவணத்தின் கௌரவம் கிடைத்துவிடும்.

மிட்வேயிலிருந்து வழக்கமாக எடுக்கும் பாடங்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். "டோனேயின் உளவு விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பியது, அதனால்தான் தோற்றார்கள்" என்பார்கள். தாமதம் உண்மை: 4:30க்குப் பதில் 5:00. ஆனால் அந்த விமானம் தாமதத்தால் குறிப்பிட்ட பாதையை முழுதாகப் பறக்காமல் குறுக்கே திரும்பியதாகத் தெரிகிறது. நேரத்துக்குக் கிளம்பி ஒழுங்கான பாதையில் போயிருந்தால் அமெரிக்கக் கப்பல்களைக் கண்டிருக்குமா என்பதே சந்தேகம். ஏறத்தாழ நேரத்துக்கே கிளம்பிய சிக்குமா கப்பலின் விமானம் அதே பகுதிக்கு மேலே பறந்தும் எதையும் காணவில்லை. "இது மட்டும் நடந்திருந்தால்" என்று ஆரம்பிக்கும் பாடங்கள் ஒரே ஒரு நூலை இழுத்து மீதித் துணி அப்படியே இருக்கும் என்று நம்புகின்றன.

டார்ப்பிடோ விமானங்களின் தியாகமும் அப்படி. அவை ஜீரோக்களைக் கடல்மட்டத்துக்கு இழுத்துவந்ததால் மேலே வானம் காலியானது என்பது வழக்கமான விளக்கம். வால்ட்ரன் அணி விழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் குண்டு விமானங்கள் வந்தன. ஜீரோ மேலே ஏற அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஆனால் விடாமல் வந்த தாக்குதல்கள் கப்பல்களை வளைந்து வளைந்து ஓடவைத்தன, தளத்தைக் காவல் விமானங்களுக்கே ஒதுக்கவைத்தன, எதிர்த்தாக்குதல் அணியை மேலே ஏற்றவிடாமல் 40 நிமிட இடைவெளியே கிடைக்காமல் செய்தன. அவர்கள் சாவு வீணாகவில்லை என்பது இப்போதும் நிற்கிறது. நிற்கும் இடம்தான் வேறு.

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் பிரபலமான இன்னொன்று: 1942 மே மாதம் யமாட்டோ கப்பலில் நடந்த போர் ஒத்திகை விளையாட்டு. பகடை உருட்டியதில் ஜப்பானியக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டு விழுந்ததாக நடுவர் தீர்ப்புச் சொன்னார். யமமோட்டோவின் தலைமைப் பணியாளரான அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார், மூழ்கிய காகாவும் அடுத்த ஆட்டத்தில் உயிரோடு வந்துவிட்டது. இந்தக் கதையும் அதே ஃபுச்சிடா–ஒகுமியா நூலிலிருந்து வருவதுதான். அப்படியானால் தள்ளிவிடலாமா? இல்லை. அந்தப் பகடையை உருட்டிய நடுவர் ஒகுமியாவேதான். இது அவர் கையால் செய்த காரியம். ஃபுச்சிடாவின் ஐந்து நிமிடத்தைப் போல இயந்திரக் கணக்கோடு மோதவும் இல்லை. ஒரு நூல் ஓரிடத்தில் பொய்த்தால் முழுவதையும் கிணற்றில் போடுவதும் சோம்பேறித்தனம். ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனிச் சாட்சி.

உறுதியாக நிற்கும் பாடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் சிறியவை, கவர்ச்சியில்லாதவை. 1942 மே 8, பவளக் கடல் போரில் லெக்ஸிங்டன் கப்பல் குண்டுகளைத் தாங்கிவிட்டது. கசிந்த பெட்ரோல் ஆவி பின்னர் வெடித்துத்தான் போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மிட்வேயில் யார்க்டவுன் தாக்குதலுக்கு முன்பே பெட்ரோல் குழாய்களைக் காலிசெய்து கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி வைத்தது. மூன்று குண்டு விழுந்தும் பெட்ரோல் தீ பரவவில்லை. அதே ஜூன் 4 அன்று அகாகியின் ஹேங்கரில் நடந்ததை மேலே பார்த்தோம். யார்க்டவுனின் குழாயில் என்ன இருந்தது, அகாகியின் ஹேங்கரில் என்ன நின்றது என்பது நமக்குத் தெரியும், விளைவும் தெரியும், காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே யாருடைய மனசும் இல்லை.

அதேபோல, மிட்வேயில் ஜப்பானின் தேர்ந்த விமானிகள் எல்லாம் ஒழிந்தார்கள் என்ற பாடத்தைப் பெயர்ப் பட்டியலே உடைத்துவிடுகிறது: செத்த ஜப்பானியர்கள் 3,057 பேரில் விமானத்தில் பறப்பவர்கள் 110. பெரும்பாலான விமானிகள் மீட்கப்பட்டார்கள். ஆனால் 700க்கும் மேற்பட்ட பராமரிப்பு மெக்கானிக்குகள் செத்தார்கள். அதை யாரும் படமாக எடுப்பதில்லை. விமானிகள் தேய்ந்தது அடுத்து வந்த சாலமன் தீவுப் போர்களில்.

நீங்களே ஒரு போரைப் படிக்கும்போது செய்துபார்க்க ஒரு வழி. ஒரு தாளில் நேர வரிசை போடுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இதைச் சொன்னவர் அப்போது எங்கே நின்றார், எப்போது எழுதினார், அங்கிருந்து அது தெரியுமா என்று குறியுங்கள். எதிரி இழப்பு என்று வரும் எண்களைப் பென்சிலில் எழுதுங்கள். எதிரியின் சொந்தப் பதிவு கிடைக்கும்போது மாற்ற வேண்டிவரும். பிறகு இயந்திரக் கேள்விகள்: நடந்து போக எத்தனை மணி, ஆற்றைக் கடக்க எத்தனை படகு, எத்தனை ரவுண்டு, எத்தனை லிட்டர். ஒரு காலாட்படை நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல நடை. 60 என்று எழுதியிருந்தால் தேதி தப்பு, அல்லது தூரம் தப்பு. கடைசியில் நீங்கள் எடுக்க நினைக்கும் பாடம் எந்த வரியின்மேல் நிற்கிறது என்று பாருங்கள். அது மையில் எழுதிய வரியா, பென்சில் வரியா, யாரோ ஒருவரின் மனசுக்குள் புகுந்து எழுதியதா? வீரர்களில் கால்வாசிப் பேர்தான் எதிரியைச் சுடுவார்கள் என்று அமெரிக்கப் போர் வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதினார். பயிற்சி முறைகளே அதைப் பார்த்து மாறின. நாற்பது ஆண்டு கழித்து அவருடைய குறிப்பேடுகளைத் தேடிப் பார்த்தபோது, அப்படி எண்ணியதற்கான தடமே அதில் இல்லை. மாற்றிய பயிற்சி நல்லதாகக்கூட இருக்கலாம். அந்த எண் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

2019இல் காகா, அகாகி இரண்டின் சிதைவுகளையும் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2023இல் அகாகியைக் கேமராவில் நெருங்கிப் பார்த்தார்கள், 5,000 மீட்டருக்கும் கீழே. எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று இப்போது படம் பிடிக்கலாம். காலை 10:20க்கு மேல்தளத்தில் என்ன நின்றது என்பதை மட்டும் அது காட்டாது. அன்று பகலும் இரவும் எரிந்து தளம் உள்ளே சரிந்துவிட்டது. மறுநாள் விடியலில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களே டார்ப்பிடோ போட்டு அகாகியை மூழ்கடித்தன. அந்த விஷயத்துக்கு நம்மிடம் இருப்பது இன்னும் பறப்புப் பதிவேடும் அந்த 40 நிமிடக் கணக்கும்தான்.